பொட்டாசியம் 2.1, பிபி 180/110, ரெனினும் கம்மி, ஆல்டோஸ்டிரோனும் கம்மி. எதைக் கவனிக்காமல் விடுகிறோம்?

வண்ணை_பிஜி:

எல்லோருக்கும் வணக்கம். பொது மருத்துவத்தில் இரண்டாம் வருட பிஜி (மேற்படிப்பு மாணவன்), வட சென்னையில்தான் வேலை. எங்கள் யூனிட்டில் ஒரு கேஸ் முடிவுக்கு வராமல் இழுத்துக்கொண்டிருக்கிறது, சீனியர்கள் யாராவது பார்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று வயது, ஏரியா எல்லாம் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், நம்பர்கள் அப்படியேதான்.

நாற்பதைத் தாண்டிய ஆண், புளியந்தோப்புப் பக்கம். சில நாளாகவே தொடை வலி, படி ஏறினால் கால் தொய்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று காலையில் கக்கூஸில் குந்தி உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. மகன் தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு காலிலும் தொடை, இடுப்புப் பக்கம்தான் பலமில்லை, பாதம் ஆட்டுகிறார், உணர்ச்சி சரியாக இருக்கிறது, ரிஃப்ளெக்ஸ் மந்தம், மூச்சுக்குப் பிரச்சினை இல்லை. கேஷுவாலிட்டியில் முதலில் ஜிபிஎஸ் (நரம்பு பாதித்துக் கால் தளரும் நோய்) என்று எழுதினார்கள், அப்புறம் பொட்டாசியம் 2.1 (குறைந்தது 3.5 இருக்க வேண்டும்) என்று வந்ததும் எல்லோரும் ஒரே குரலில் பீரியாடிக் பராலிசிஸ் (பொட்டாசியம் இறங்கி விட்டுவிட்டு வரும் தளர்ச்சி), தைராய்டு போடு என்றார்கள். தைராய்டு நார்மல்.

எனக்கு இடிப்பது இதுதான். பிபி 180/110, முன்னால் பிபி இருந்ததாக அவருக்கே தெரியாது. ரத்த வாயுப் பரிசோதனையில் பிஎச் 7.53, பைகார்பனேட் 37, அதாவது ரத்தத்தில் காரம் கூடுதல். சிறுநீரில் பொட்டாசியம் ஏகத்துக்கும் போகிறது. தசை சிதைவதைக் காட்டும் சிபிகே நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. இசிஜியில் பொட்டாசியம் குறைவைக் காட்டும் யூ வேவ் நன்றாகத் தெரிகிறது. வாந்தி இல்லை, பேதி இல்லை, நீர் போகிற மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. சரி, கான்ஸ் சிண்ட்ரோமாக (அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனை அளவுக்கு மேல் சுரப்பது) இருக்கும் என்று ரெனின் (சிறுநீரகம் சுரந்து ஆல்டோஸ்டிரோனைத் தூண்டுவது), ஆல்டோஸ்டிரோன் (உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும் ஹார்மோன்) இரண்டையும் வெளி லேபுக்கு அனுப்பினோம். ஆல்டோஸ்டிரோன் எகிறி வரும் என்று காத்திருந்தால் இரண்டுமே தரையில் கிடக்கிறது. சிடியில் அட்ரினல் இரண்டும் சுத்தம்.

இதில் இன்னொரு கூத்து, டிரிப்பில் பொட்டாசியம் ஏற்றினால் 2.5 வரை வருகிறது, மறுநாள் காலையில் பார்த்தால் மறுபடி 2.2. எங்கே போகிறதென்றே தெரியவில்லை.

ஆங்கில மருந்து, சித்தா, லேகியம், ஜிம் பவுடர் எதுவும் இல்லை என்று யூனிட்டில் ஆளாளுக்குத் தனித்தனியாகக் கேட்டு எழுதியாகிவிட்டது. இந்த வயதில் லிடில் சிண்ட்ரோம் (சிறுநீரகம் உப்பைத் தேக்கும் பரம்பரை நோய்) என்று மரபணுச் சோதனைக்குப் போவதா? செலவை நினைத்தால் கேட்கவே வாய் வரவில்லை.

இந்த மாதிரி ரிப்போர்ட் ஒரு பக்கமும் நோயாளி ஒரு பக்கமும் இழுத்த கேஸ்கள் உங்களிடமும் இருக்கும். அதையும் எழுதுங்கள், படிக்க ஆசை.


கொருக்குப்பேட்டை_கிளினிக்:

அதிமதுரம் கேட்டீர்களா?

மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் நம் ஆட்கள் மாத்திரை, ஊசி, மிஞ்சிப்போனால் லேகியம் வரைக்கும்தான் யோசிப்பார்கள். அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, காலையிலிருந்து ராத்திரி வரை வாயில் என்னவெல்லாம் போடுகிறார் என்று கேளுங்கள். வெற்றிலை, புகையிலை, மிட்டாய், கஷாயம், இருமல் டானிக், எல்லாம்.

உங்கள் நம்பர்கள் சொல்வது இவ்வளவுதான்: ஆல்டோஸ்டிரோன் செய்கிற வேலை முழுசாக நடக்கிறது, ஆனால் செய்வது ஆல்டோஸ்டிரோன் இல்லை. அப்படியென்றால் பெரும்பாலும் அட்ரினல் சுரக்கும் இன்னொரு ஹார்மோனான கார்ட்டிசோல்தான். கார்ட்டிசோலும் சிறுநீரகத்தில் ஆல்டோஸ்டிரோன் உட்காரும் அதே ரிசப்டரில் (ஏற்பியில்) உட்காரக்கூடியதுதான், ரத்தத்தில் அதன் அளவோ ஆல்டோஸ்டிரோனைவிடப் பல மடங்கு. அதை உட்கார விடாமல் தடுப்பது 11 பீட்டா எச்எஸ்டி 2 என்கிற என்ஸைம். வாசலில் நிற்கும் வாட்ச்மேன் மாதிரி, வருகிற கார்ட்டிசோலையெல்லாம் கார்ட்டிசோனாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின் வயிற்றுக்குள் போய் கிளிசிரெட்டினிக் அமிலமாக மாறியதும் அந்த வாட்ச்மேன் படுத்துவிடுகிறார். அப்புறம் உப்பு உள்ளே நிற்கிறது, பொட்டாசியம் வெளியே ஓடுகிறது, பிபி ஏறுகிறது. உடம்பில் உப்பும் நீரும் தேவைக்கு மேல் இருப்பதால் ரெனின் அடங்கிப்போகிறது, ரெனின் அடங்கினால் ஆல்டோஸ்டிரோனும் அடங்கும்.

அதுவும் இல்லை என்றால் லிஸ்ட் இருக்கிறது. ஏசிடிஎச் (கார்ட்டிசோலைத் தூண்டும் ஹார்மோன்) சுரக்கும் கட்டி இருந்தால் கார்ட்டிசோலே எகிறும், தோல் கறுக்கும், சர்க்கரை ஏறும். போசகோனசோல் என்கிற பூஞ்சை மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் இதே படம் வரும். லிடில் என்றால் சின்ன வயதிலேயே பிபி, வீட்டில் நாலு பேருக்கு இருக்கும், அந்த ரிசப்டரை அடைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் கொடுத்தால் ஒன்றும் நடக்காது, சிறுநீரகத்தில் உப்பு உள்ளே வரும் வழியை அடைக்கும் அமிலோரைடுக்குக் கேட்கும். மரபணுவுக்குக் காசு செலவழிக்கும் முன்னால் இந்த இரண்டு மாத்திரையே பாதி பதில் சொல்லிவிடும். ஆனால் முதலில் வாயைக் கேளுங்கள்.


வண்ணை_பிஜி:

சார், நீங்கள் எங்கிருந்தாலும் உங்களுக்கு ஒரு பிரியாணி என் கணக்கில்.

அவர் கானா பாடுகிறவர். கேஸ் ஷீட்டில் தொழில் என்ற இடத்தில் கூலி என்று இருந்தது, பகலில் மூட்டை தூக்குகிறார், ராத்திரியில் சாவு வீட்டில் பாடும் மரண கானா. ஒரு வீட்டில் உட்கார்ந்தால் விடிய விடிய பாட வேண்டும், தொண்டை கட்டினால் அடுத்த சாவுக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் அதிமதுர வேர். முன்பெல்லாம் பாடுகிற அன்றைக்கு மட்டும் ஒரு துண்டு, கொஞ்ச மாதமாகப் பாட்டு அதிகம் என்பதால் பகலிலும் வாயில் கிடக்கிறது. எம்.சி. ரோடு பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நூறு கிராம் பொட்டலம் வாங்கினால் இரண்டு மூன்று நாளுக்குத்தான் வருமாம். சாற்றை விழுங்கிவிடுவார், சக்கையைத்தான் துப்புவார்.

இதையெல்லாம் அவர் மனைவி சொல்லிக்கொண்டிருக்கும்போதே மனிதர் தலையணைக்கு அடியில் கைவிட்டுப் பேப்பர் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். விரல் நீளத்துக்கு வெட்டின மஞ்சள் வேர்கள், அதில் ஒன்று முனை மென்று மென்று நாராகப் பிரிந்து இன்னும் ஈரமாக இருந்தது. "இன்னா டாக்டரு, இது மருந்தா? இது வேரு." என்றார்.

அதாவது நாங்கள் ஒரு கையில் பொட்டாசியம் ஏற்ற ஏற்ற, அவர் இன்னொரு பக்கம் வார்டிலேயே உட்கார்ந்து மென்றுகொண்டிருந்திருக்கிறார். ராத்திரி ஏறுவதும் காலையில் இறங்குவதும் ஏன் என்று இப்போது புரிகிறது. பொட்டலத்தை மனைவியிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. ஸ்பைரோனோலாக்டோன் ஆரம்பித்திருக்கிறோம்.


பழைய_ராயபுரம்:

நல்ல வேலை தம்பி. நான் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறவன், இதைப் படித்ததும் கை பரபரக்கிறது.

இந்த விஷயம் புதுசு இல்லை. 1940களில் நெதர்லாந்தில் ரெவர்ஸ் என்கிற மருத்துவர் வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்துப் பார்த்தார், புண் ஆறியது, ஆனால் சிலருக்கு முகமும் காலும் வீங்கியது. அங்கிருந்துதான் இந்த ஆராய்ச்சியே கிளம்பியது. கிட்டத்தில் என்றால் 2020 செப்டம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த கேஸ் ஒன்று, மாசசூசெட்ஸில் 54 வயதுக் கட்டுமானத் தொழிலாளி, மூன்று வாரமாகத் தினமும் ஒன்றரைப் பாக்கெட் அதிமதுர மிட்டாய் தின்றவர், சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதே சாய்ந்துவிட்டார். பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகி, மருத்துவமனையில் எவ்வளவோ பார்த்தும் பிழைக்கவில்லை. உங்கள் ஆளும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார், கால் முந்திக்கொண்டதால் தப்பித்தார்.

இரண்டு விஷயம் கவனியுங்கள். வேரை நிறுத்தியதும் நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், அந்த என்ஸைம் எழுந்து உட்கார வாரக்கணக்கில் கூட ஆகலாம், அதுவரைக்கும் பிபியும் பொட்டாசியமும் ஆடும். இன்னொன்று, ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியமும் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் எதிர்ப்பக்கம் எகிறிவிடும். சிபிகே நாலாயிரம் என்கிறீர்கள், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினினையும் கூடவே பாருங்கள்.

ஆரம்பத்தில் பீரியாடிக் பராலிசிஸ் என்றவர்களையும் குறை சொல்ல மாட்டேன். தைராய்டு கூடுதலாக இருக்கும் வாலிபப் பையன்களுக்கு அது நம் பக்கத்தில் வருகிறதுதான். எனக்கு மறக்காத ஒரு பையன், வியாசர்பாடி, கல்யாண வீட்டில் பந்தி பரிமாறி, ஆடி, கடைசியில் பிரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டுப் படுத்தவன், விடியற்காலையில் கையையும் காலையும் அசைக்க முடியாமல் கிடந்தான். வீட்டில் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழத்தோடு ஒருவரை வரவழைத்து, அப்புறம்தான் எங்களிடம் தூக்கிவந்தார்கள். பொட்டாசியம் 1.8. ஆனால் அங்கே பொட்டாசியம் உடம்பை விட்டுப் போகவில்லை, செல்லுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது. அதனால் சிறுநீரில் பொட்டாசியம் கம்மி, ரத்தத்தில் அமிலம் காரம் சரியாக இருக்கும், பிபியும் இப்படி எகிறாது. கை நடுங்குகிறது, நாடி 120, எடை குறைந்திருக்கிறது, இதையெல்லாம் பார்த்தாலே தைராய்டு என்று தெரிந்துவிடும். அவனுக்குப் போய் டிரிப்பில் கண்டபடி ஏற்றினால் ஒளிந்திருந்தது எல்லாம் மொத்தமாக வெளியே வந்து இதயத்தை நிறுத்தும். கொஞ்சமாகப் பொட்டாசியம், படபடப்பை அடக்கும் புரோப்ரனோலால், மானிட்டர், அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் எழுந்து நடந்தான், செய்வினை எடுத்தவர் வந்து கூலி கேட்டார் என்று கேள்வி.

சிறுநீர்ப் பொட்டாசியம் ஒன்றுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும், செலவும் ரொம்ப இல்லை. அதைப் போடாமல் சிடிக்கு ஓடுகிறவர்களைப் பார்த்தால்தான் கோபம் வருகிறது. நீங்கள் போட்டிருக்கிறீர்கள், சந்தோஷம்.


ஸ்டாஃப்நர்ஸ்_மூலக்கடை:

டாக்டர்கள் மட்டும்தான் எழுத வேண்டுமா? நான் வார்டு நர்ஸ், ஒன்று சொல்கிறேன்.

போன மழைக்காலம் முடிந்த சமயம், மணலி தாண்டி ஒரு கம்பெனியில் புதர் வெட்டுகிற வேலை பார்த்தவர், பத்து நாள் காய்ச்சலோடு வந்தார். பிளேட்லெட் இறக்கம், ஈரல் என்ஸைம் ஏற்றம், லேசாக மூச்சு வாங்கல். டெங்கு நெகடிவ், மலேரியா நெகடிவ், எலிக்காய்ச்சல் ரிப்போர்ட் வர வேண்டும். ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிப் போகிறது, காய்ச்சல் இறங்குகிற வழியைக் காணோம்.

உடம்பு துடைத்துவிடும்போது அர்ணாக்கயிறு இறுக்கமாக இருக்கிறது என்று நகர்த்தினேன். கயிறு அழுத்தின இடத்தில் பின்பக்கமாக ஒரு சின்னப் புண், நடுவில் கறுப்பாகப் பொருக்குத் தட்டி, சுற்றிச் சிவந்து. வலிக்கிறதா என்றால் இல்லை என்கிறார், அங்கே புண் இருப்பதே அவருக்குத் தெரியாது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன், கயிறு உரசியிருக்கும் என்றார், நான் விடவில்லை, சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது நானே புரட்டிப் போட்டுக் காட்டினேன். ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் ஒரு சின்ன உண்ணி கடித்து வருகிற காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் போட்டதும் இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

அந்த உண்ணி கண்ணுக்கே தெரியாது, துணியோ கயிறோ இறுக்குகிற இடமாகப் பார்த்துக் கடிக்கும். அக்குள், தொடை இடுக்கு, பெண்களுக்கு மார்புக்கு அடியில், உள்பாவாடை நாடா கட்டுகிற இடத்தில். இந்த இடங்களை ரவுண்ட்ஸில் யாரும் திறந்து பார்ப்பதில்லை, கூச்சம். பெண் நோயாளி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் காய்ச்சல் கேஸ் என்றால் நாங்கள் துடைக்கும்போதே பார்த்துவிடுகிறோம்.


பழைய_ராயபுரம்:

சிஸ்டர், நீங்கள் செய்ததுதான் பரிசோதனை. கூடுதலாக ஒன்று: 2023ல் வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்திய ஆய்வு ஒன்று நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்தது. ஸ்க்ரப் டைபஸ் கடுமையாகி மூச்சு, கிட்னி என்று போனவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து ஊசியாகப் போட்டது, ஒன்றை மட்டும் போட்டதைவிட நன்றாக வேலை செய்தது. சாதாரணமாக வருகிறவர்களுக்கு மாத்திரையே போதும்.


காசிமேடு_நைட்டூட்டி:

எங்கள் பக்கம் கடல் இல்லாமல் கேஸே கிடையாது. விடிகாலை கேஷுவாலிட்டி, ஃபைபர் போட்டில் போய்த் திரும்பின அண்ணன் ஒருவர், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி என்கிறார். கழுத்தைத் திருப்ப முடியவில்லை, வாயைத் திறந்தால் தாடை வலிக்கிறது. கூட வந்தவர்கள் ராத்திரி முழுக்க வலை இழுத்த அலுப்பு, ஒரு ஊசி போட்டு அனுப்புங்கள் என்று நிற்கிறார்கள். நான் சிறுநீர் கேட்டேன். கறுப்புக் காபி நிறம்.

அப்புறம்தான் உட்கார்ந்து பேசினேன். வலையை உதறும்போது விரலில் ஏதோ முள் குத்தின மாதிரி இருந்ததாம், கெளுத்தி முள்ளாக இருக்கும் என்று விட்டுவிட்டார். விரலைப் பார்த்தால் வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, ஊசி குத்தின அளவு புள்ளிதான். ஆனால் கெளுத்தி குத்தினால் மனிதன் சும்மா இருக்க மாட்டான், அலறுவான். வலிக்காமல் குத்தி, சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் வலி, கறுத்த சிறுநீர் என்றால் அது கடல் பாம்பு. வலையில் பாம்பு இருந்ததா என்று கேட்டால், அது தினமும் இருக்கும் சார், வாலைப் பிடித்துத் திரும்பக் கடலில் போட்டுவிடுவோம் என்கிறார் சர்வசாதாரணமாக.

இங்கே ஒரு விஷயம் ஜூனியர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம்மிடம் இருக்கிற பாம்பு விஷ முறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கு மட்டும்தான். கடல் பாம்பு அதில் இல்லை. பாம்பு என்ற வார்த்தை கேட்டதும் அந்த மருந்தைப் பத்து குப்பி ஏற்றினால் அலர்ஜி வருமே தவிர பலன் கிடையாது. சலைன் நிறையக் கொடுத்து சிறுநீரை ஓட வைக்க வேண்டும், பொட்டாசியம் ஏறுகிறதா என்று மணிக்கொரு தரம் பார்க்க வேண்டும், மூச்சுத் தசை தளர்ந்தால் வென்டிலேட்டர், கிட்னி நின்றால் டயாலிசிஸ். அவருக்கு சிபிகே எண்பதாயிரத்தைத் தாண்டியது, இரண்டு முறை டயாலிசிஸ் ஆனது, இப்போது மறுபடி கடலுக்குப் போகிறார்.

சின்னதாக இன்னொன்று. சூரை மீன் குழம்பு சாப்பிட்டு அரை மணியில் முகமெல்லாம் சிவந்து, தலைவலி, படபடப்பு, அரிப்பு என்று வீட்டோடு வந்து நிற்பார்கள். உங்களுக்கு மீன் அலர்ஜி, இனிமேல் மீனே தொடாதீர்கள் என்று எங்கோ ஒரு இடத்தில் எழுதிக் கொடுத்திருப்பார்கள். ஒரே சட்டியில் சாப்பிட்ட நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் அலர்ஜி வருமா? ஐஸ் போதாமல் வெயிலில் கிடந்த மீனில் கிருமிகள் ஹிஸ்டமின் உண்டாக்கிவிடும், கொதிக்க வைத்தாலும் அது அழியாது. அவில், செட்டிரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரை போட்டால் அடங்கிவிடும். காசிமேட்டுக்காரரிடம் மீன் தின்னாதே என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா!


கொளத்தூர்_கப்பி:

நான் டாக்டர் இல்லை, கொளத்தூரில் கலர் மீன் கடை. வேறு எதையோ தேடப்போய் இங்கே வந்துவிட்டேன், என் கையையும் சொல்லலாம் என்று தோன்றியது.

வலது கையில் மோதிர விரலில் ஒரு கட்டி. தொட்டி கழுவும்போது கண்ணாடி கீறின இடம். கீறல் ஆறிப்போய் கொஞ்ச வாரம் கழித்துத்தான் கட்டி வந்தது, வலி பெரிதாக இல்லை. அப்புறம் புறங்கையில் ஒன்று, மணிக்கட்டுக்கு மேலே ஒன்று, முழங்கை வரை வரிசையாக ஏறியது. ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து, ஒரு இடத்தில் கீறிவிட்டது எல்லாம் ஆனது. கீறின இடம் ஆறவே இல்லை. இன்னொரு இடத்தில் சதை எடுத்து டெஸ்ட் பண்ணி டிபி கிருமி மாதிரி தெரிகிறது என்று சொன்னதும் வீட்டில் அழுகை. குழந்தையைத் தூக்க விடவில்லை, எனக்குத் தனித் தட்டு.

கடைசியாக ஒரு ஸ்கின் டாக்டர் அம்மா. உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, என்ன தொழில் செய்கிறீர்கள். கலர் மீன் என்றேன். சிரித்துவிட்டார். இது மீன் தொட்டியில் வருகிற கிருமி, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது, குழந்தையைத் தாராளமாகத் தூக்குங்கள் என்றார். மாத்திரை பல மாதம் சாப்பிட்டேன், தழும்பு இருக்கிறது, கட்டி இல்லை. இப்போது கிளவுஸ் போடாமல் தொட்டியில் கைவிடுவதில்லை. எங்கள் தெருவில் இன்னும் இரண்டு கடைப் பையன்களுக்குக் கையில் இப்படி இருந்ததைப் பார்த்து நான்தான் அனுப்பி வைத்தேன்.


லேப்_தண்டையார்பேட்டை:

கொளத்தூர் அண்ணா சொல்வது மைக்கோபாக்டீரியம் மெரினம். 1926ல் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களிலிருந்துதான் முதலில் எடுத்தார்கள். டிபி கிருமிக்குப் பங்காளி, அதனால் சாயம் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் இதற்கு உடம்புச் சூடு பிடிக்காது, 30 டிகிரி பக்கத்தில்தான் நன்றாக வளரும். கை, முழங்கையோடு நின்று உள்ளே போகாததும் அதனால்தான். கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பும்போது மீன் தொட்டி வேலை என்று ஃபார்மில் ஒரு வரி எழுதுங்கள் டாக்டர்களே. எழுதாவிட்டால் நாங்கள் வழக்கம்போல 37 டிகிரியில் வைப்போம், ஒன்றும் வளராது, வளரவில்லை என்றுதான் ரிப்போர்ட் வரும். டிபி மாத்திரையை அப்படியே கொடுத்தாலும் சரிவராது, அதில் இருக்கும் பைராசினமைடு இதன் மேல் வேலை செய்யாது. கிளாரித்ரோமைசினோடு எதாம்பியூடால் அல்லது ரிஃபாம்பிசின் என்று கொடுக்கிறார்கள்.

லேப்பில் உட்கார்ந்தே பிடித்த ஒன்று எங்களிடமும் உண்டு. வயிற்று வலி, மலச்சிக்கல், ரத்த சோகை என்று திரும்பத் திரும்ப வரும் ஒரு பையன். வேறு எங்கோ அப்பென்டிக்ஸ் எடுத்தாகிவிட்டது, அதற்கப்புறமும் வலி. இரும்புச் சத்து மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. ஸ்மியரில் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பது) சிவப்பணுக்களுக்குள் கரடுமுரடாக நீலப் புள்ளிகள். சந்தேகத்தில் விரலில் குத்திப் புதிதாக ஒரு ஸ்மியர் போட்டேன், டியூபில் ஊறின ரத்தத்தைவிட அதில் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ரிப்போர்ட்டில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று நேராக வார்டுக்கே போய், இந்தப் பையன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டேன். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்குகிற பட்டறை. உதட்டைத் தூக்கினால் ஈறு ஓரத்தில் நீலக் கோடு. ரத்தத்தில் ஈயம் பார்க்க அனுப்பினார்கள், எகிறி வந்தது. ஒரே வேலை, ஒரே சோற்றுக் கேரியர், கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பாடு. கூட வேலை செய்கிறவர்களையும் வரவழைத்துப் பார்த்தார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது.


ஓபி_கூட்டம்:

எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காலை ஓபியில் வாசல் வரை வரிசை நிற்கும்போது வாயில் என்ன போடுகிறாய், வலையில் என்ன வந்தது, தொட்டியில் கைவிட்டாயா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க முடியுமா? மேஜையில் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். வருகிறவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை, பிபி, சளி, முதுகுவலிதான். இப்படிப்பட்ட கதைகளைப் படித்துவிட்டு என் ஜூனியர் பிபி உள்ள பாட்டிக்கெல்லாம் ரெனின் அனுப்ப ஆரம்பித்தால் லேப் என்னை அடிக்க வரும்.


காசிமேடு_நைட்டூட்டி:

யாரும் எல்லோரிடமும் கேட்கச் சொல்லவில்லையே. மேலே வந்த கேஸ்களைத் திரும்பப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று உறுத்துகிறது. பொட்டாசியம் ஏற்றினாலும் நிற்கவில்லை, அப்பென்டிக்ஸ் எடுத்தும் வலி போகவில்லை, கீறிவிட்ட கட்டி ஆறவில்லை. முதல் வைத்தியம் கேட்காதபோதாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வேண்டாமா? தொழில் என்ற கட்டத்தில் கூலி என்று எழுதுவதை நிறுத்தினாலே பாதி வந்துவிடும். என்ன கூலி? மீன் வேலை, பேட்டரிப் பட்டறை, சாயப் பட்டறை, ஹார்பர் நிலக்கரி, எல்லாமே இங்கே கூலிதான்.


ஓபி_கூட்டம்:

கூலி விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். பாட்டி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.


வண்ணை_பிஜி:

அப்டேட். பொட்டாசியம் டிரிப் இல்லாமலே 3.8ல் நிற்கிறது, சிபிகே இறங்கிவிட்டது, கிரியேட்டினின் ஏறவே இல்லை. ஆள் வார்டில் நடக்கிறார், பக்கத்துப் பெட் தாத்தா கேட்டுக்கொண்டதால் மெல்லப் பாட்டு வேறு, சிஸ்டர் திட்டியும் கேட்கவில்லை. பிபி இன்னும் 150/96. நாளை மறுநாள் டிஸ்சார்ஜ்.

இரண்டு கேள்வி. தொண்டைக்கு வேறு என்ன செய்வது என்று அவர் கேட்கிறார், நியாயமான கேள்வி, பிழைப்பு. அப்புறம், வீட்டில் இருமலுக்கு ஒரு துண்டு போட்டுக் கஷாயம் வைக்கிறார்களே, அதையும் நிறுத்தச் சொல்ல வேண்டுமா? அவர் மனைவி பயந்துபோய்க் குழந்தைகளுக்கு வைத்திருந்த சூரணத்தையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டாராம்.


பழைய_ராயபுரம்:

எப்போதாவது சளிக்கு ஒரு துண்டு போட்டு இரண்டு நாள் கஷாயம் குடிப்பதற்கு யாரும் பயப்பட வேண்டாம், அதைச் சொல்லி அந்த அம்மாவைச் சமாதானப்படுத்துங்கள். தினமும், வாரக்கணக்கில் என்று போனால்தான் சிக்கல். அமெரிக்க எஃப்டிஏ சொல்வது, 40 வயதைத் தாண்டியவர்கள் தினமும் 2 அவுன்ஸ், அதாவது 57 கிராம் அளவு கருப்பு அதிமதுர மிட்டாய் இரண்டு வாரம் தின்றாலே இதயத் துடிப்பு குழம்பி ஆஸ்பத்திரிக்கு வர நேரலாம் என்று. அது மிட்டாய்க் கணக்கு, உங்கள் ஆள் மென்றது வேர், இரண்டையும் எடை போட்டுப் பொருத்த முடியாது. ஏற்கெனவே பிபி இருப்பவர்கள், இதய நோயாளிகள், நீர் போகிற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

அவர் தொண்டைக்கு: பாடுகிற ராத்திரியில் தண்ணீர் நிறைய, நடுவில் வெந்நீர், பாடி முடித்ததும் ஆவி பிடித்தல். பீடி பிடிக்கிறாரா கேளுங்கள், பிடிக்கிறார் என்றால் தொண்டை கட்டுவதற்கு முதல் காரணம் அதுதான். குரல் தொடர்ந்து கரகரப்பாக இருந்தால் காது மூக்குத் தொண்டை ஓபிக்கு எழுதிக் கொடுங்கள், விடிய விடிய கத்திப் பாடுகிறவர்களுக்குக் குரல் நாணில் முடிச்சு வரும், ஒரு தடவை ஸ்கோப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

பிபி 150ல் நிற்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். என்ஸைம் இன்னும் முழுசாக எழவில்லை, அல்லது வேருக்கு முன்பிருந்தே அவருக்குப் பிபி உண்டு. இப்போது எதையும் முடிவு செய்ய வேண்டாம். ஸ்பைரோனோலாக்டோனைச் சில வாரத்தில் குறைத்து நிறுத்துங்கள், நிறுத்தி ஒரு மாதமாவது போகட்டும், அப்புறம் ரெனின், ஆல்டோஸ்டிரோன், பொட்டாசியம் மறுபடி அனுப்புங்கள். ரெனின் எழுந்துவிட்டால் கதை முடிந்தது. எழவில்லை என்றால் முதலில் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, மறுபடி மெல்லுகிறாரா என்று கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால் அப்போது யோசிக்கலாம் உங்கள் லிடிலை.